அறுவை சிகிச்சைக்குப் பிறகு என்ன?

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லீரல் புற்றுநோய் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அறுவை சிகிச்சையோடு நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் அதற்கப்புறம்தான் பாடே ஆரம்பித்தது.

என் கணவர் நீடாமங்கலம் பக்கம் விவசாயம் பார்க்கிறார். குடிப்பழக்கம் கிடையாது. ஈரலைக் கெடுத்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும் ஹெபடைடிஸ் பி கிருமி உடம்பில் இருந்ததே, ஈரலில் கட்டி வந்த பிறகுதான் தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கட்டியை நல்லபடியாக எடுத்தார்கள். ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாள் முழுக்க ஆங்கிலம். மாத்திரையை எதற்காக, எத்தனை காலம் சாப்பிட வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. வேறொரு டாக்டரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

இந்த நோய் அறுவைக்குப் பின் 5 ஆண்டுகளுக்குள் 100 பேரில் 70 பேருக்கு வரை திரும்ப வருகிறதாம். முதல் இரண்டு வருடத்தில் வருவது பெரும்பாலும் பழைய கட்டியிலிருந்து சிதறியது. பிந்தி வருவது, கெட்டுப்போன ஈரலில் புதிதாக முளைப்பது. கோரையைப் பிடுங்கிவிட்டுக் கிழங்கை விட்ட கதைதான். அதனால் கிருமியை அடக்கி வைக்கும் டெனோஃபோவிர், என்டகாவிர் மாதிரியான மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் திரும்ப வரும் வாய்ப்பு குறைகிறது. தானாக நிறுத்தினால் கிருமி சட்டென்று கிளம்பி ஈரலையே கவிழ்த்துவிடலாம்.

இது தெரியாமல் பார்க்க வந்தவர்களெல்லாம், "அதான் எடுத்தாச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை? கீழாநெல்லியை அரைச்சுக் குடுங்க" என்றார்கள். கீழாநெல்லி இந்தக் கிருமியைப் போக்குவதாக 1988இல் சென்னை ஆய்வு ஒன்று லான்செட் இதழில் வந்தது உண்மைதான். பிறகு மற்றவர்கள் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதியாகவில்லை. அதை யாரும் சொல்வதில்லை. அறுவைக்குப் பின் புற்றுநோய் திரும்ப வராமல் தடுக்கும் என்று ஒரு புது ஊசி பற்றிச் சொந்தக்காரப் பையன் ஒருவன் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அதுவும் 2023இல் நம்பிக்கை தந்து, தொடர்ந்து கவனித்தபோது தேறாமல் போனது என்று டாக்டர் சொன்னார். விலையைக் கேட்டால் நிலத்தை விற்க வேண்டும்!

இன்னொரு சிக்கல் ஸ்கேன். முதல் இரண்டு வருடம் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும், ஈரல் கட்டிக்கு அடையாளம் தேடும் ஏ.எஃப்.பி. என்ற ரத்தப் பரிசோதனையும் பார்க்கச் சொல்கிறார்கள். சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் மறுபடி எடுக்கவோ சுட்டுப் பொசுக்கவோ முடியும். ஆனால் குறுவை அறுப்பு நேரத்தில் எந்த விவசாயி தேதியை நினைவில் வைத்துக்கொண்டு வெளியூருக்குப் பஸ் ஏறுவார்? போன் செய்து கூப்பிட ஓர் ஆள் இருந்தால் போதும், பாதிப் பேர் தவறாமல் போவார்கள்.

தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018இலேயே வந்துவிட்டது. பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். டெல்டாவில் எந்தெந்த அரசு மருத்துவமனையில் எந்தக் கிழமை கொடுக்கிறார்கள் என்று உங்கள் மாவட்டப் பக்கத்தில் ஒரு பட்டியல் போடுங்கள். நோயாளியோடு பிறந்தவர்கள், பிள்ளைகளும் ரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். என் கொழுந்தனாருக்கு அப்படிப் பார்த்ததில்தான் கிருமி இருப்பது தெரிந்தது. இப்போது அவரும் டாக்டர் கண்காணிப்பில் இருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நீடாமங்கலம் வட்டம்.