காலாங் ஆற்றோரம் ஒரு சுவர் கேட்கிறேன்

தேசியக் கலைகள் மன்றத்தாருக்கும் நகர மன்றங்களுக்கும் வணக்கம். காலாங் ஆற்றோரம் சுவரோவியம் ஒன்று தீட்ட இடம் கேட்டு எழுதுகிறேன்.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் பெலிலியோஸ் சந்துச் சுவரில் தீட்டிய ஓவியத்தில் கிளி ஜோசியர் இருக்கிறார், பூ கட்டுபவர் இருக்கிறார். போன மாதம் என் மாமியார் அந்த ஜோசியர் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. தன் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கிளி எடுத்துப் போட்ட சீட்டைப் பற்றிப் பேரனிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவனும் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு வாய் பார்த்துக் கேட்டான். புத்தகத்தைக் கொடுத்திருந்தால் ஒரு பக்கம் புரட்டியிருப்பானா?

திரும்பும்போது பேருந்து காலாங் ஆற்றைக் கடந்தது. "காலாங்னா என்னம்மா?" என்றான். பதில் தெரியும், கைநீட்டிக் காட்டத்தான் அங்கே ஒன்றும் இல்லை.

காலாங் என்பது ஒரு மக்களின் பெயர். ஓராங் பிடுவாண்டா காலாங் என்பார்கள். ஆற்று முகத்துவாரத்தில் படகே வீடாக வாழ்ந்தவர்கள். நாம் பெருமையோடு சொல்லும் தமிழ் வணிகர் நாராயண பிள்ளை, பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸோடு 1819இல் வந்து இறங்கியபோது அங்கே சுமார் 500 பேர் இருந்தார்கள் என்பது கணக்கு. பிறகு அவர்களை ஜொகூரின் பூலாய் ஆற்றுக்கு அனுப்பிவிட்டார்கள். 1847இல் பெரியம்மை வந்து பெரும்பாலோரை வாரிக்கொண்டு போனது.

சிலேத்தார் என்ற இடப்பெயரும் மக்கள் பெயர்தான். அந்த ஓராங் சிலேத்தார் இன்றும் ஜொகூர் நீரிணையின் மறுகரையில் மீனும் நண்டும் பிடித்து வாழ்கிறார்கள். செமாக்காவ் தீவு என்றாலே நமக்கு 1999 முதல் இயங்கும் குப்பை நிரப்புமிடம்தான் நினைவுக்கு வருகிறது. அங்கே கிராமம் இருந்தது. அந்தத் தீவுக்காரர்களின் பிள்ளைகள் நம் பக்கத்து புளோக்கில் குடியிருக்கலாம்.

2019இல் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலை அருகே நான்கு சிலைகள் வைத்தார்கள். பழங்கதையின் இளவரசர் சங் நீல உத்தமா, எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா, வணிகர் டான் டோக் செங், நம் நாராயண பிள்ளை. பிள்ளையைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது உண்மை. ஆனால் அந்த வரிசையில் துடுப்புப் பிடித்த ஒருவர்கூட இல்லையே என்ற உறுத்தல் இன்னும் போகவில்லை.

அதனால் காலாங் ஆற்றோரம் ஒரு நீண்ட சுவர் கொடுங்கள். அனுமதி இல்லாமல் பொதுச் சுவரில் தீட்டுவது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், ஆகவே உங்களிடம்தான் கேட்க முடியும்.

சரி, யார் வரைவது? இதில்தான் அவசரம் கூடாது. அந்திச் சூரியன், கறுப்பு நிழலாக ஒரு படகு, அதில் முகமே இல்லாத ஒரு மனிதன் என்று தீட்டிவிட்டால் அவர்களை இன்னொரு முறை காணாமல் போகச் செய்தது போலாகும். தீவுக்காரக் குடும்பங்களையும், மறுகரைச் சிலேத்தார் மக்களையும் முதலில் கேளுங்கள். படகின் ஓலைப் பாய்க் கூரையான கஜாங் எப்படிச் சரியும், மீன் பிடிக்கும் பூபு கூண்டை எப்படிப் பின்னுவார்கள் என்பதெல்லாம் அவர்கள் கைக்குத் தெரியும். கலைஞருக்குத் தருவதுபோல் அவர்களுக்கும் ஊதியம் தாருங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொல்லும் படத்தை விட்டுவிடுங்கள்.

சுவருக்குக் கீழே எழுதும் வரிகள் தமிழிலும் இருக்கட்டும். அதை எழுதிக் கொடுப்பதும் பிழை பார்ப்பதும் என் பொறுப்பு. கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
காலாங் வட்டாரத்தில் வசிக்கும் ஒரு தாய்