டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள்: லிபரேட்டர் விமானக் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூர் எச்.ஏ.எல் (இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை)-இல் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும், இந்திய விமானப்படையின் 5, 6, 16-ஆம் ஸ்குவாட்ரன்களில் (படைப்பிரிவுகளில்) இருந்தவர்களின் குடும்பங்களுக்கும்,

வணக்கம்.

என் தாத்தா எச்.ஏ.எல்-இல் தகடு வேலை பார்த்த ஃபிட்டர். வீடு அல்சூரில். வேலையைப் பற்றி வீட்டில் பேசவே மாட்டார். எப்போதாவது பேசினால் அது ஒரே ஒரு விமானத்தைப் பற்றித்தான் இருக்கும். அதற்கும் பெயர் சொன்னதில்லை. "அமெரிக்கா வண்டி" என்பார். "வெள்ளைக்காரன் கான்பூர்ல உடைச்சுப் போட்டுட்டுப் போனான். நாங்க தட்டி நிமித்தினோம்." வயதானவர், கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அவர் போய்ப் பல வருடம் ஆன பிறகுதான், அதில் ஒரு வார்த்தைகூட மிகையில்லை என்று எனக்குத் தெரிந்தது.

அந்த வண்டியின் பெயர் பி-24 லிபரேட்டர். நான்கு என்ஜின், 110 அடி இறக்கை. அமெரிக்காவில் 18,000-க்கும் மேல் செய்தார்கள். வேறு எந்தப் போர் விமானத்தையும் அவர்கள் இவ்வளவு எண்ணிக்கையில் செய்ததில்லை. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படை இதைப் பெற்று வங்காளத்துக்குக் கொண்டுவந்தது. சால்பனி, திக்ரி, துபாலியா போன்ற ஊர்களின் ஓடுதளங்களிலிருந்து இவை பர்மாவுக்கும் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பறந்தன. குண்டறையின் நடுவே முன்னுக்கும் பின்னுக்கும் போக ஒரு அடிகூட அகலமில்லாத ஒரு பாதைதான் உண்டு. இருபக்கமும் குண்டுகள் தொங்க, அதன் மேல் பக்கவாட்டில் ஒதுங்கி ஒதுங்கித்தான் நடக்க வேண்டும். 1944 அக்டோபர் 27-ஆம் தேதி இரவு, 159-ஆம் ஸ்குவாட்ரனின் 15 லிபரேட்டர்கள் பினாங்குத் துறைமுகத்தில் கண்ணிவெடி போடப் போயின. போக வர 3,000 மைலுக்கு மேல். நம் கரையிலிருந்து மலாயா போகக் கப்பலில் எத்தனை நாள் ஆகும் என்று தெரிந்த குடும்பங்களுக்கு அந்தத் தூரத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

மலாயா என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த விமானங்களின் முக்கியமான இலக்குகளில் ஒன்று சயாம்-பர்மா ரயில்பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோய்க் காலராவிலும் பட்டினியிலும் சாகவிட்டு ஜப்பானியர் போட்ட பாதை அது. அந்தப் பாதையில் சயாமின் காஞ்சனபுரியில் இருந்த ஆற்றுப்பாலத்தை பிரிட்டிஷ் விமானங்கள் 1945 பிப்ரவரி 13-இல் தாக்கின. உடைந்ததைக் கைதிகளை வைத்தே திரும்பக் கட்டினார்கள். ஏப்ரல் 3-இல் அமெரிக்க லிபரேட்டர்கள் வந்தன. மறுபடி கட்டினார்கள். ஜூன் 24-இல் விழுந்த அடிக்குப் பிறகு, போர் முடியும்வரை அந்தப் பாலம் எழவில்லை. குண்டுகள் பாலத்தில் மட்டும் விழவில்லை, பாதையோரம் இருந்த போர்க்கைதி முகாம்களிலும் விழுந்தன. அந்தப் பாதை உடைய வேண்டும் என்று ஏங்கியவர்களும், அதை உடைக்க வந்த குண்டில் செத்தவர்களும் ஒரே இடத்தில்தான் இருந்தார்கள். லிபரேட்டரின் கதையைப் பெருமையாக எழுத வருகிறவர்கள் இதை ஒதுக்கிவிட்டுப் போகக்கூடாது. நானும் ஒதுக்கவில்லை.

சரி, போர் முடிந்தது. அமெரிக்காவின் கடன்-குத்தகை (லெண்ட்-லீஸ்) ஒப்பந்தத்தில் வந்த விமானங்கள் இவை. பிரிட்டன் விலை கொடுக்க வேண்டும், அல்லது திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் யாருக்கும் பயன்படாதபடி ஆக்க வேண்டும். கான்பூர் சக்கேரி மைதானத்தில் லிபரேட்டர்களை வரிசையாக நிறுத்தி வைத்து உடைத்தார்கள். என்ஜின்களில் மணலைக் கொட்டினார்கள், உடலில் ஓட்டை போட்டார்கள். அந்தக் குவியலைத்தான் 1948-இல் சுதந்திர இந்தியா எச்.ஏ.எல்-இடம் காட்டி, இதிலிருந்து விமானம் செய்ய முடியுமா என்று கேட்டது.

செய்தார்கள். கான்பூரிலேயே, வெட்டவெளியில், ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டி, பறக்கிற அளவுக்கு மட்டும் ஒப்பேற்றினார்கள். அப்புறம் எச்.ஏ.எல்-இன் சோதனை விமானி ஜம்ஷெட் கைகோபாத் முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். சுமார் 1,500 கிலோமீட்டர். நேற்று வரை மணல் கிடந்த என்ஜின். ஒரு முறை அல்ல, நாற்பது முறை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. முன்ஷி கீழே இறக்கிய ஒவ்வொன்றும் பட்டறைக்குள் போய், பிரிக்கப்பட்டு, ரிவெட் ரிவெட்டாகப் புதுப்பிக்கப்பட்டு வெளியே வந்தது. போர்க்காலத்தில் அதே பட்டறைதான் அமெரிக்கப் படையின் டகோட்டா சரக்கு விமானங்களையும் கேட்டலினா கடல் விமானங்களையும் பழுது பார்த்தது. அந்தக் கைப்பழக்கம் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

1948 நவம்பர் 2-ஆம் தேதி, இந்த விமானங்களைக் கொண்டு கான்பூரில் 5-ஆம் ஸ்குவாட்ரன் உருவானது. இந்தியாவின் முதல் கனரகக் குண்டுவீச்சுப் படைப்பிரிவு அது. பிறகு 6-ஆம் ஸ்குவாட்ரன் பூனாவிலிருந்து இவற்றில் கடல்மேல் ரோந்து போனது. உலகம் முழுவதும் லிபரேட்டரைக் கழித்துக்கட்டிய பிறகும் 1968 கடைசி வரை நாம் பறக்கவிட்டோம். பிரிட்டன், அமெரிக்கா, கனடா அருங்காட்சியகங்களில் இன்று நிற்கிற லிபரேட்டர்களில் சில நம்மிடமிருந்து போனவைதான். பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருப்பதன் பழைய எண் கேஎன்751. இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவில் பிரிட்டிஷ் 99-ஆம் ஸ்குவாட்ரனில் இருந்தது, கான்பூரில் கைவிடப்பட்டது, நம்மிடம் எச்ஈ807 ஆகிப் பறந்தது, 1974-இல் திரும்பிப் போனது. இன்னொன்று அமெரிக்காவில் 1989-இல் பழுது பார்க்கப்பட்டுத் திரும்பவும் வானேறியது. "ஆல் அமெரிக்கன்" என்று மூக்கில் எழுதிக்கொண்டு பறந்தது. நம்முடையது ஒன்று டெல்லியில் பாலம் (Palam) என்ற இடத்தில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கேஎன்751 எச்ஈ807 ஆனது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டேன். அந்த ஒரு வரி கிடைத்தால்தான் ஒரு விமானத்துக்கு வரலாறு கிடைக்கும். பிரிட்டிஷ் எண் போய் இந்திய எண் வந்தபோது ஒவ்வொரு விமானத்தின் வாழ்க்கையும் இரண்டாக வெட்டுப்பட்டது. நம் ஆட்கள் நிமிர்த்திய வண்டிகளில் எது எது காஞ்சனபுரிக்கு மேல் பறந்தது? எதில் யார் நேவிகேட்டர் (வழி கணித்துச் சொல்பவர்), யார் ரேடியோ பார்த்தது? எந்த இறக்கையை எந்த ஷிஃப்ட் மாட்டியது? பதில் வீடுகளில் இருக்கிறது. அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

விமானிகள், நேவிகேட்டர்கள், சிக்னலர்கள் எல்லோருக்கும் சொந்தமாக லாக்புக் (பறப்புப் பதிவேடு) உண்டு. தேதி, விமான எண், கூடப் போனவர் பெயர், எத்தனை மணி நேரம் என்று ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு வரி. நீல மையில் எழுதிய அந்த நோட்டைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். எச்.ஏ.எல் குடும்பங்களில் பாஸ், சர்டிபிகேட், ஒரு விமானத்தின் முன் வரிசையாக நின்று எடுத்த குரூப் போட்டோ இருக்கலாம். போட்டோவைத் திருப்பிப் பாருங்கள், பெயர்கள் இருக்கும். இல்லையென்றால், அடையாளம் சொல்லக்கூடியவர் வீட்டில் இருக்கும்போதே பென்சிலால் எழுதி வையுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் அழுந்திவிடும்.

1948-இல் இருபது வயதாக இருந்தவருக்கு இன்று நூறு நெருங்கும். ஆனால் 1968-இல் கடைசி லிபரேட்டரில் பறந்த இளைஞருக்கு எண்பதுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அவர் உங்கள் மாமாவாகவோ பெரியப்பாவாகவோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருங்கள். செல்போனில் ரெகார்டை அழுத்திவிட்டு, "கூட யார் யார் இருந்தாங்க?" என்று மட்டும் கேளுங்கள். தமிழில் பேசட்டும். என் தாத்தாவிடம் நான் அதைக் கேட்கவில்லை. அவரோடு தகடு தட்டிய ஒருவர் பெயர்கூட என்னிடம் இல்லை.

கிடைப்பதை ஸ்கேன் செய்து ஒரு பிரதியை விமானப்படையின் வரலாற்றைத் தொகுப்பவர்களுக்கு அனுப்புங்கள். மூலப்பிரதி உங்களிடமே இருக்கட்டும். விமானப்படைக்கும் எச்.ஏ.எல்-க்கும் ஒரே ஒரு வேண்டுகோள்: இந்தப் பெயர்கள் வந்து சேரும்போது, விமானியின் பெயர் இருக்கிற அதே பலகையில் ஃபிட்டரின் பெயரையும் போடுங்கள்.

அன்புடன்,
அல்சூர் ஃபிட்டர் ஒருவரின் பேரன்