இயந்திரம் போனாலும் இலக்கம் இருக்கட்டும்

ஹட்டன்

அன்பின் ரவி,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பேராதனைக்குத் தெரிவான செய்தியில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. விடுதி கிடைக்கும்வரை கண்டியில் தன் தங்கை வீட்டில் தங்கலாம் என்று என் மனைவி சொல்லச் சொன்னாள். இங்கே மழை விட்டபாடில்லை. ஆபீசில் வைத்திருக்கும் தாள்கூட ஈரம் கோத்து, இரண்டிரண்டாக இயந்திரத்துக்குள் போகிறது.

இனி நீ கேட்ட விடயம். பண்டாரவளை அலுவலகத்துக்குப் பைபர் இணைய இணைப்பு வந்து, தொலைபேசியும் அதன் வழியே ஓடத் தொடங்கிய பிறகு குரல் முன்னைவிடத் தெளிவாகக் கேட்கிறது என்றும், ஜப்பானிலிருந்து ஓடர்களோடு வரும் பெக்ஸ் மட்டும் பாதிப் பக்கத்தில் நின்றுவிடுகிறது என்றும் எழுதியிருந்தாய். குரல் தெளிவாக இருப்பதை வைத்து பெக்சும் சரியாக வரும் என்று எதிர்பார்க்க முடியாது. இணையவழித் தொலைபேசி, பேச்சைப் பெரும்பாலும் 20 மில்லி செக்கன் துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறது. அவற்றில் ஒன்று வழியில் தொலைந்தால் நம் காதுக்குத் தெரியாது. பெக்ஸ் இயந்திரமோ பக்கத்தைக் கோடு கோடாக, ஒரு கோட்டுக்கு 1,728 புள்ளிகள் வீதம் படித்து, சுருக்கி, ஒலியாக மாற்றி அனுப்புகிறது. செக்கனுக்கு 14,400 பிட் வேகத்தில் அது ஓடும்போது ஒரு துண்டு தொலைந்தால் 288 பிட்டுகள் போய்விடும். அவற்றோடு சில கோடுகளும் போய்விடும்.

இதைவிட மோசமானது, குரலைச் சுருக்கும் முறை. பெக்ஸ் இயந்திரத்தை இணைய இணைப்போடு சேர்க்கும் உங்கள் அடாப்டர் ஜி.729 முறையில் இருந்தால் முதலில் அதை மாற்று. மனிதப் பேச்சுக்கென்றே வகுத்த அந்த 8 கிலோபிட் முறைக்குள் பெக்சின் ஒலியைத் திணிப்பது, தேயிலைக் கொழுந்தைச் சாக்கில் அமுக்கி அடைப்பது போன்றது. போய்ச் சேரும்போது சூடேறிச் சிவந்திருக்கும். 64 கிலோபிட் கொண்ட ஜி.711 முறையை வைத்து, மௌன நேரத்தில் எதையும் அனுப்பாமல் விடும் வசதியை நிறுத்தி, இயந்திரத்தின் வேகத்தை 9,600க்குக் குறைத்துப் பார். பிழைதிருத்த முறையை அணைத்துவிட்டால் பக்கம் முழுதாக வந்து சேரும் என்று சிலர் உனக்குச் சொல்லக்கூடும். வரத்தான் செய்யும், ஆனால் இடையில் கோடுகள் விடுபட்டிருக்கும். ஓடரில் தொகை எழுதிய வரி சிதைந்து வருவதைவிட, பக்கமே வராமல் மறுபடி அனுப்பப்படுவது மேல் என்பது என் கருத்து. ஆகவே அதை இயங்க விடு; பழுதான பகுதியை மட்டும் அது மீண்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் வெளியிட்ட ரி.38 என்ற நியமம் இந்தச் சிக்கலுக்கென்றே வந்தது. ஒலியை ஒலியாகவே சுமக்காமல், தொலைபேசி அழைப்பு இணையத்துக்குள் நுழையும் கருவியில் அதைத் தரவாகப் பிரித்து, தொலைந்தாலும் ஈடுகட்டும்படி ஒரே தரவை ஒன்றுக்கு மேற்பட்ட பொதிகளில், அதாவது இணையத்தில் போகும் துண்டுகளில், வைத்து அனுப்பி, மறுமுனையில் மீண்டும் ஒலியாக்குவதே அதன் வேலை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஜப்பானிலிருந்து பண்டாரவளைக்கு வரும் அழைப்பு எத்தனையோ நிறுவனங்களின் கைமாறி வருகிறது. நடுவில் ஒருவர் அதை ஏற்காவிட்டாலும் பழைய கதைதான்.

ஆகையால் என் யோசனை வேறு. பெக்சை மலைக்கு மேலே ஒலியாகக் கொண்டுவரவே வேண்டாம். இலக்கத்தை மாற்றாமல், அதற்கு வரும் அழைப்பைக் கொழும்பில் உள்ள பெக்ஸ் சேவையகம் ஒன்றுக்குத் திருப்ப முடியுமா என்று சேவை வழங்குநரிடம் எழுத்தில் கேள். அங்கே வாங்கிய பக்கம் பிடிஎப் கோப்பாக மாறி மின்னஞ்சலில் உங்களிடம் வரும். மின்னஞ்சலுக்கு அவசரம் இல்லை. தொலைந்த பொதியை மறுபடி கேட்டு வாங்க அதற்கு நேரம் உண்டு. பெக்ஸ் பக்கத்தை மின்னஞ்சலில் ஏற்றி அனுப்புவதற்கும் அதே 1998இல் ரி.37 என்று ஒரு நியமம் வந்தது. அது அவ்வளவாகப் பேசப்படாதது எனக்கு வியப்புத்தான்.

ஒன்றில் மட்டும் கவனமாக இரு. அனுப்புபவரின் இயந்திரம் ‘ஓகே’ என்று துண்டு அச்சிடுவது, சேவையகம் வாங்கிவிட்டது என்பதற்கு மட்டுமே சாட்சி. இங்கே பச்சைக்கொழுந்து வாங்கும் தொழிற்சாலை ஒன்றில் பெக்ஸ் எல்லாம் பெரிய கிளாக்கரின் சொந்த மின்னஞ்சலுக்கு வரும்படி வைத்திருந்தார்கள். அவர் லீவில் போன வாரம் ஓடர்கள் யாரும் திறக்காமலே கிடந்தன. பழைய இயந்திரம் சத்தம் போட்டால் பக்கத்தில் இருப்பவராவது எழுந்து போய்த் தாளை எடுப்பார். எனவே பொதுவான அஞ்சல் பெட்டி ஒன்றை வைத்து, காலையில் அதைப் பார்க்கும் பொறுப்பை இருவரிடம் கொடு.

கோப்பாக வைத்தால் செல்லுமா என்று உங்கள் கணக்காளர் தயங்குவதாக எழுதியிருந்தாய். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டப்படி, மின்வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஆவணத்தைத் தள்ளிவிட முடியாது. அற்றோணித் தத்துவம் (நமக்காக இன்னொருவர் செயற்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்), காணி விற்பனை போன்றவை அதற்குப் புறம்பு. அவற்றைக் கடதாசியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தாளில் வந்த பழைய ஓடர்கள் வெளிறிப்போவதை நினைத்தால் கோப்பே மேல்.

ஜப்பானியரை மின்னஞ்சலுக்கு மாறச் சொல்லலாமா என்ற உன் முதலாளியின் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. 2021இல் அங்கே அமைச்சர் தாரோ கோனோவே அரச அலுவலகங்களில் பெக்சை நிறுத்தச் சொல்லி, எதிர்ப்புகள் குவிந்ததைக் கண்டோம். 1883இல் தொடங்கிய நம் கொழும்புத் தேயிலை ஏலமும் 2020இல் தொற்றுநோய் வந்த பிறகுதான் இணையத்துக்குப் போனது. வாங்குபவர் தன் முத்திரையைக் குத்தி பெக்சில் அனுப்ப விரும்பினால், அதை வாங்கிக்கொள்ளும் வழியை நாம்தான் ஒழுங்காக வைத்திருக்க வேண்டும்.

அடாப்டரின் மாதிரிப் பெயரையும், பாதியில் நின்ற பக்கம் ஒன்றையும், இயந்திரம் அச்சிடும் பரிமாற்ற அறிக்கையையும் படமெடுத்து அனுப்பு. அறிக்கையில் பிழைக் குறியீடு ஒன்று இருக்கும். அழைப்பு தொடக்கத்திலேயே அறுகிறதா, பக்கத்தின் நடுவிலா என்பதை அதிலிருந்து பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதற்குள் புது இயந்திரம் எதையும் வாங்கிவிட வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவை.

அன்புடன்,
செல்வம்