அத்திவாரத்தை உயர்த்திக் கட்டுங்கள்

ஸ்காபரோ, கனடா
10.10.2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நாங்கள் நலம். நீங்களும் நலமாயிருக்க மாமாங்கேஸ்வரர் துணை.

தம்பி கிரானில் இருக்கும் காணியில் வீட்டு வேலை தொடங்கப்போகிறான் என்று அம்மா சொன்னார். அதனால்தான் தொலைபேசியோடு விடாமல் எழுதுகிறேன்.

போன வருடம் ஜூலை 16ஆம் திகதி எங்கள் நிலவறைக்குள் தண்ணீர் வந்த கதையை உங்களுக்கு முழுதாகச் சொல்லவில்லை. சில மணி நேரத்துக்குள் 100 மில்லிமீற்றர் அளவில் மழை. தரையிலுள்ள வடிகால் துவாரம் முதலில் களகளவென்று சத்தமிட்டது. பிறகு கறுத்த கழிவுநீர் பொங்கி முழங்காலளவு நின்றது. அம்மா தந்த கூறைச்சேலை கீழ்த்தட்டில் இருந்தது. ஐந்து தடவை அலசியும் அந்த நாற்றம் போகவில்லை.

வீட்டுக் காப்புறுதியில் கழிவுநீர்ச் சேதத்துக்கென்று தனியாகப் பணம் கட்டியிருந்தபடியால் தப்பினோம். அதைக் கட்டாத அடுத்த தெருக் குடும்பத்துக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. வீதியால் வரும் வெள்ளத்துக்கோ, 2015 வரை இந்த நாட்டில் வீட்டுக்காரருக்குக் காப்புறுதியே இருக்கவில்லை.

இந்த வருடம் புதுப்பிக்கும் கடிதம் வந்தது. கட்டணம் ஏறிவிட்டது. நிலவறைச் சேதத்துக்கு இனி 10,000 டொலருக்கு மேல் தரமாட்டார்களாம். இன்னொரு கம்பனி எங்கள் முகவரியைக் கேட்டதுமே மறுத்துவிட்டது. காப்புறுதி இல்லாமல் இருக்கவும் முடியாது, கடன் தந்த வங்கி விடாது.

எங்களுக்குத் தண்ணீர் வந்த அதே கோடையில் ஜாஸ்பரில் காட்டுத்தீ, கல்கரியில் ஆலங்கட்டி மழை, கியூபெக்கில் வெள்ளம். 2024இல் மட்டும் கனடாவில் காப்புறுதி செய்த சேதம் 800 கோடி டொலரைத் தாண்டியது. கம்பனிகளும் பெரிய மீள்காப்புறுதிக் கம்பனிகளிடம் தங்களைக் காப்புறுதி செய்துகொள்கின்றன. அங்கே விலை ஏறினால் தீயையே காணாத எங்கள் தெருவும் சேர்ந்து கட்டுகிறது. காற்று ஒரு பாகை சூடேறினால் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்குமாம். அங்கேயும் இங்கேயும் மழை இப்படிக் கொட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்பா, 1978 சூறாவளியில் கூரை பறந்தபோது அயலவர் தந்த கிடுகால்தானே வேய்ந்தீர்கள். தம்பியின் வீட்டுக்கும் பிறகு பணம் தர யாரும் வருவார்கள் என்று நான் நம்பவில்லை. 2011 வெள்ளத்தின் கறை நம் மதிலில் இன்னும் தெரிகிறதல்லவா? புது வீட்டின் தரை அதற்கு மேல் இரண்டு அடியாவது இருக்கட்டும். மின்சார பிளக்குகளையும் இடுப்பளவுக்கு மேலே வைக்கச் சொல்லுங்கள். கூடுதல் சீமெந்துக்கும் கல்லுக்கும் நான் அனுப்புகிறேன். மாரி தொடங்க முன் மேசனிடம் கணக்குக் கேட்டு எழுதுங்கள்.

அன்பு மகள்