ஐந்து மூலைக் கல் ஏன் இல்லை?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு டைல்ஸ் பதித்தார்கள். ஏழாம் வகுப்பு படிக்கும் பேத்தி, "நான்கு மூலைக் கல் இருக்கிறது, ஆறு மூலைக் கல்கூட இருக்கிறது. ஐந்து மூலைக் கல் ஏன் இல்லை?" என்று கொத்தனாரிடம் கேட்டாள். அவர் அட்டையில் மூன்று ஒழுங்கு ஐங்கோணங்களை வெட்டிச் சேர்த்து வைக்கச் சொன்னார். நடுவில் ஒரு கீற்று மிஞ்சியது. ஒரு மூலை 108 பாகை. மூன்று சேர்ந்தால் 324. முழுச் சுற்றான 360இல் மிச்சமுள்ள 36 பாகையில் நான்காவது கல் எப்படி நுழையும்?

இந்தக் கேள்வியை நம் பள்ளிகள் பரப்பளவுச் சூத்திரத்தோடு முடித்துவிடுகின்றன. அதுதான் என் ஆற்றாமை. இங்கிலாந்தின் டேவிட் ஸ்மித் கணிதப் பேராசிரியர் அல்லர். கணினியில் வடிவங்களை ஆராய்ந்தும் அட்டை வெட்டி அடுக்கியும் 13 பக்கமுள்ள தொப்பி வடிவத்தைக் கண்டார். மூன்று ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2023இல் அதை அறிவித்தார். அந்த ஒரே வடிவம் தளத்தை இடைவெளியின்றி நிரப்பும். ஆனால் எப்படி அடுக்கினாலும் பவானி ஜமக்காளத்துப் பட்டைபோல் சீராகத் திரும்ப வராது. இப்படித் திரும்பாத அணு அடுக்கை உலோகக் கலவையில் கண்டதற்காகவே இஸ்ரேலிய அறிவியலாளர் டான் ஷெக்ட்மனுக்கு 2011இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

சதுரங்கப் பலகையின் எதிரெதிர் மூலைக் கட்டங்கள் இரண்டை நீக்கி, மீதி 62 கட்டங்களை இரட்டைக் கட்டத் துண்டுகள் 31ஆல் மூடச் சொல்லிப் பாருங்கள். என் பேத்தி இரண்டு நாள் போராடி, பிறகு நிறங்களை எண்ணினாள்: ஒன்று 32, மற்றது 30. ஒவ்வொரு துண்டும் இரு நிறத்திலும் ஒவ்வொன்றையே மூடும் என்பதால் முடியவே முடியாது என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். அட்டையும் கத்தரிக்கோலும் கணக்கு வகுப்புக்குள் வர ஈரோடு மாவட்டக் கல்வித் துறை வழிசெய்ய வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கோபிசெட்டிபாளையம்