பெக்கி லிஞ்சை விட்டுவிட்டீர்களே

ஆசிரியருக்கு வணக்கம்.

ரெஸ்லிங்கில் இருந்து சினிமாவுக்கு வருபவர்களைப் பற்றி உங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ராக், ஜான் சீனா என்று பெரிய ஆட்களை அடுக்கிவிட்டு, உடம்பை நம்பி வருகிறார்கள், நடிப்பெல்லாம் அப்புறம்தான் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார் கட்டுரையாளர். பக்கத்திலேயே ரெஸ்லிங் வீராங்கனை பெக்கி லிஞ்சின் ஃபோட்டோ இருக்கிறது. அவரைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அவர் கதை நேர் தலைகீழ். அயர்லாந்தில் லிமெரிக்கில் பிறந்து டப்ளினில் வளர்ந்தவர். 2002ல், 15 வயதில், ப்ரே என்ற கடலோர ஊரில் ஃபெர்கல் டெவிட் நடத்திய பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். அந்த டெவிட்டும் ரெஸ்லர்தான், இன்று ஃபின் பாலர் என்றால் ரசிகர்கள் எல்லோருக்கும் தெரியும். 2006ல் ஜெர்மனியில் நடந்த போட்டியில் தலையில் பலத்த அடி. ரிங்கை விட்டு விலகி விமானப் பணிப்பெண்ணாக இருந்தார். டப்ளினில் கல்லூரியில் சேர்ந்து நடிப்புக்கென்றே பட்டம் வாங்கினார். 'வைக்கிங்ஸ்' தொடரில் ஸ்டண்ட் செய்தார். அமெரிக்காவின் பெரிய ரெஸ்லிங் நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ.க்கு வந்தது 2013ல்தான்.

அந்தப் படிப்பு எங்கே தெரிகிறது என்று கேட்டால், 2018 நவம்பரில் வந்த ஒரு 'ரா' நிகழ்ச்சியைச் சொல்வேன். டபிள்யூ.டபிள்யூ.இ.யின் வாராந்திர நிகழ்ச்சி அது. நியா ஜாக்ஸ் என்ற இன்னொரு வீராங்கனை விட்ட குத்து நிஜமாகவே முகத்தில் இறங்கி மூக்கு உடைந்துவிட்டது. வாய், தாடை எல்லாம் ரத்தம். வேறு யாராவது என்றால் முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே போயிருப்பார்கள். இவர் துடைக்கவே இல்லை. கூட்டத்துக்குள் ஏறிப் போய், இரண்டு கையையும் விரித்து, ரத்த முகத்தோடு நின்றார். ரெஸ்லிங்கில் வலிக்காத அடியை வலித்ததாகக் காட்டுவதை 'செல்லிங்' என்பார்கள். இங்கே நிஜமான வலியை மறைத்து வேறொன்றைக் காட்டினார். அடிபட்டதால் அந்த வாரப் பெரிய போட்டியில் இறங்க முடியவில்லை. ஆனால் 2019 ஏப்ரலில் டபிள்யூ.டபிள்யூ.இ.யின் வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸ்ஸில்மேனியாவின் முக்கியமான கடைசிப் போட்டியை முதன்முறையாகப் பெண்களுக்குக் கொடுத்தபோது, ஜெயித்தவர் இவர்தான்.

ரீடேக் இல்லாத இந்த நடிப்பைப் பார்த்தால் எனக்குச் சின்ன பட்ஜெட் படங்கள்தான் ஞாபகம் வரும். அதே டப்ளினில் எடுத்த 'ஒன்ஸ்' படம் 17 நாளில் முடிந்தது. தெருக் காட்சிகளுக்கு அனுமதி வாங்கக் காசில்லை. தூரத்தில் லாங் லென்ஸை வைத்து எடுத்தார்கள். நடந்து போனவர்கள் பலருக்கு ஷூட்டிங் என்றே தெரியாது. கிடைத்த கூட்டம், கிடைத்த வெளிச்சம், நடந்த விபத்து, எல்லாமே காட்சிக்குள் வந்தாக வேண்டும். சின்ன ஹாலில் நூறு பேருக்கு முன்னால் ரெஸ்லிங் ஆடுகிறவர்களின் நிலைமையும் இதுதான். பெரிய நிறுவனத்தைச் சாராததை ரெஸ்லிங்கிலும் 'இண்டி' என்றுதான் சொல்கிறார்கள், சினிமாவிலும் 'இண்டி' என்றுதான் சொல்கிறார்கள்.

பள்ளியில் ரெஸ்லிங் ட்ரம்ப் கார்டு விளையாடிய காலத்தில், "எல்லாம் டூப்புடா" என்று சொன்ன அண்ணன்களோடு சண்டை போட்டவன் நான். சரி, டூப்புதான். அதனால்தானே அதை நடிப்பு என்கிறேன்!

அப்புறம் ஒரு சின்ன விஷயம். பெக்கி லிஞ்ச் ஃபோட்டோவுக்குக் கீழே 'அமெரிக்க வீராங்கனை' என்று போட்டிருக்கிறீர்கள். அடுத்த இதழில் அயர்லாந்து என்று திருத்திவிடுங்கள்.

அன்புடன்,
க. மு.,
விருதுநகர்