கணினிக்கு எதற்குக் கைப்பேசிப் பக்கம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மதுரை வட்டாரத்தில் பழைய கணினிகளில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு ஓட்டுபவர்கள் உண்டு. அவற்றில் ஃபால்கன், பேல் மூன் போன்ற உலாவிகளைத் திறந்தால், சில தளங்கள் அகலத் திரையிலும் கைப்பேசிப் பக்கத்தையே நீட்டுகின்றன. விண்ணப்பத்தை அச்சிடும் பொத்தானைத் தேடினாலும் கிடைக்காது.

கோளாறு உலாவியில் இல்லை. ஒவ்வொரு கோரிக்கையோடும் உலாவி 'யூசர் ஏஜென்ட்' என்ற அடையாள வரியை அனுப்புகிறது. அதில் 'லினக்ஸ்' என்று கண்டதுமே ஆண்ட்ராய்டு என்று முடிவு கட்டும் நிரல்கள் சில தளங்களில் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு போனின் வரியில் பெரும்பாலும் 'லினக்ஸ், ஆண்ட்ராய்டு' என்று வரும், மேசைக் கணினியில் 'எக்ஸ்11, லினக்ஸ்'. பக்கத்துச் சொல்லைப் பார்க்கக்கூடச் சோம்பல்!

தற்காலிகமாக, தள முகவரியின் தொடக்கத்தில் கைப்பேசிப் பக்கத்தைக் குறிக்கும் 'எம்.' (m.) இருந்தால் நீக்கிப் பார்க்கலாம். திரும்பவும் அங்கேயே தள்ளினால், பேல் மூனின் முகவரிப் பட்டையில் 'about:config' என்று தட்டி அமைப்புப் பக்கத்தைத் திறந்து, 'general.useragent.override.' என்பதோடு தளத்தின் பெயரைச் சேர்த்து ஒரு ஸ்ட்ரிங் (எழுத்து வகை அமைப்பு) உருவாக்கி, அதில் விண்டோஸ் ஃபயர்பாக்ஸின் அடையாள வரியை ஒட்டலாம். எல்லாத் தளங்களுக்கும் சேர்த்து மாற்ற வேண்டாம். ஒழுங்காக ஓடுவதும் கெடும்.

தளம் அமைப்போர் திரை அகலத்துக்கேற்பப் பக்கத்தை மாற்றும் வேலையை, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழியின் மீடியா கொயரி என்ற வசதியிடம் விட்டுவிடலாம். இரண்டு பக்கம் வைத்தே தீர வேண்டுமா? அடையாள வரியில் 'மோபி' (Mobi) இருந்தால் மட்டும் கைப்பேசிப் பக்கம், அடையாளம் தெரியாதவருக்கு முழுப் பக்கம். அடையாள வரிக்கு ஏற்பப் பக்கம் மாறும் என்று சொல்லும் 'வேரி: யூசர்-ஏஜென்ட்' (Vary: User-Agent) என்ற குறிப்பைத் தளம் பதிலோடு அனுப்பவும் மறக்கக் கூடாது. அது இல்லாவிட்டால், யாரோ போனில் திறந்த பக்கத்தையே, பக்கங்களின் நகலைச் சேமித்து வைத்துத் தரும் கேஷ் சர்வர் கணினிக்காரருக்கும் எடுத்துக் கொடுத்துவிடும்.

- வாசகர்கள் சிலர், கோரிப்பாளையம், மதுரை